கல்லடிக்கு பிபிஎஃப்: முன்பக்கம் போதும்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அடிக்கடி போய்வரும் கார்களின் பானட்டைக் குனிந்து பாருங்கள். முன் விளிம்பில் கடுகளவு புள்ளிகள் விழுந்திருக்கும். பழைய புள்ளிகளில் துரு ஏறியிருக்கும். டிப்பர் லாரிகள் சிந்திய ஜல்லியை முன்னால் போகும் வண்டியின் டயர் வாரி அடிக்கிறது, நாம் வேகமாகப் போய் அதை வாங்கிக்கொள்கிறோம். 80 கிலோமீட்டர் வேகத்தை 100 ஆக்கினால் அந்த அடியின் வலு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அடியைத் தாங்க வேண்டிய பெயின்டோ பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான்.

இதற்குத்தான் பிபிஎஃப் என்கிற பெயின்ட் பாதுகாப்புப் படலம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க 3எம் நிறுவனம் செய்ததுதான் இதன் மூதாதை. இன்று நல்ல படலங்கள் டிபியு எனப்படும் பாலியூரித்தேனில் வருகின்றன. தடிமன் சுமார் 200 மைக்ரான். அதாவது பெயின்டைவிடத் தடித்த, ரப்பர்போல் அமுங்கி மீளும் ஒரு தோல். கல் விழுந்ததும் அது அமுங்கி, அடியைப் பரப்பிவிடுகிறது.

எங்கள் வீட்டு அடர்நீல ஹேட்ச்பேக்குக்கு பானட், முன் பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட், கண்ணாடி மூடிகள் ஆகியவற்றில் மட்டும் ஒட்டினோம். ஒட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுவி, களிமண் கட்டியால் தேய்த்து, பெயின்டில் ஒட்டியிருந்த தாரையும் இரும்புத் தூளையும் எடுக்கவே காலைப்பொழுது போனது. பிறகு ஷாம்பு கலந்த நீரைத் தெளித்து, படலத்தை மிதக்கவிட்டு, இடம் பார்த்து நகர்த்தி, ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினார்கள். விளிம்புக்கு வந்ததும் ஒட்டுகிற தம்பி கேட்டார்: “சார், ஓரத்தோட நிறுத்தவா, உள்ள மடிச்சு ஒட்டவா?”

“மடிச்சே ஒட்டுங்க தம்பி.”

தரம் பிரிவது இந்தக் கேள்வியில்தான். ஓரத்தோடு நிறுத்தினால் அங்கே கோடாக அழுக்கு சேரும், பிரஷர் வாஷ் அடிக்கும்போது அந்த இடம்தான் முதலில் தூக்கும். காருக்கு மேலேயே பிளேடு வைத்து அறுக்கும் கடைகளும் உண்டு. கை கொஞ்சம் அழுந்தினாலும் பெயின்டில் கீறல் விழுந்து, படலத்தைக் கழற்றும்போதுதான் தெரியவரும். மாடலுக்கேற்ற அச்சைக் கணினியில் வைத்து பிளாட்டரில் வெட்டிக்கொண்டு வரும் கடையைத் தேடுங்கள். பிராண்ட் பெயரைவிட ஒட்டுபவரின் கைப்பக்குவம்தான் முக்கியம் என்பேன்.

இப்போது பானட் விளிம்பில் விரலை ஓட்டினால் இரண்டு மூன்று இடங்களில் நகம் தட்டுகிறது. ஒரு இடத்தில் படலம் பிறை வடிவில் கிழிந்து லேசாக மடங்கியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், அடியில் நீல பெயின்ட் முழுசாக இருக்கிறது. துணி தேய்த்ததால் வந்த மெல்லிய வட்டக் கீறல்கள் வெயிலில் நின்றாலே மறைந்துவிடுகின்றன. நிழலில் வந்த கீறலுக்கு வெந்நீர் ஊற்றினால் போதும். படலத்தின் மேற்பூச்சு சூட்டில் இளகித் தன்னைச் சமன் செய்துகொள்கிறது. ஆழமாகக் கிழிந்ததை எந்த வெயிலும் ஆற்றாது, அந்தப் பாகத்தின் படலத்தை மாற்றத்தான் வேண்டும். கூர்மையான பெரிய கல் முழு வேகத்தில் வந்தால் படலமும் துளைபடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குறை என்றால், அருகில் போய்ப் பார்த்தால் மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய சொரசொரப்பு தெரிகிறது. புளிய மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சத்தை அன்றே கழுவ வேண்டும், விட்டால் படலத்திலும் கறை பிடிக்கும்.

செராமிக் கோட்டிங் போட்டால் கல்லடி படாது என்று சில இடங்களில் சொல்லி விற்கிறார்கள். அது தவறு. செராமிக் பூச்சு சில மைக்ரான் தடிமன்தான். தண்ணீர் வழுக்கி ஓடும், கழுவுவது சுலபம், கல்லுக்கு அது தடையே இல்லை. அதேபோல மலிவான பிவிசி படலத்தை பிபிஎஃப் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் அது மஞ்சளாகி, விறைத்துப்போகும். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி இழுத்து விடுங்கள். டிபியு பழைய நிலைக்குத் திரும்பும், பிவிசி இழுத்தபடி தொய்ந்து நிற்கும். வாரன்டி அட்டையையும் படியுங்கள். பொதுவாக மஞ்சளாவதும் வெடிப்பதும்தான் அதில் அடங்கும், கல் கிழித்தது அடங்காது.

முழுக் காருக்கும் நல்ல டிபியு ஒட்ட லட்ச ரூபாயை ஒட்டிக் கேட்கிறார்கள், பெரிய கார் என்றால் இன்னும் மேலே. பத்து லட்ச ரூபாய்க் காருக்கு அது அதிகம். கூரையிலும் டிக்கியிலும் கல் அவ்வளவாக வந்து விழுவதில்லை. முன்பக்கத்தோடு கதவின் கீழ் ஓரத்தையும் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதியையும் சேர்த்துக்கொண்டால் நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் போதும். நகருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

ஒட்டுவதென்றால் கார் கைக்கு வந்தவுடனே, முதல் நெடும்பயணத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். ரீபெயின்ட் செய்த பாகமாக இருந்தால் பெயின்ட் நன்றாகக் காய ஒரு மாதமாவது விட்டு ஒட்டுங்கள். படலச் சுருளின் எண்ணை பில்லில் எழுதி வாங்க மறக்காதீர்கள்.