பாடலும் அதன் பின்னே நிற்கும் நினைவும்

திருவரங்கத்தில் அண்மையில் கூடிய அன்பியக் கூட்டமொன்றில், இறைவார்த்தைப் பகிர்வு முடிந்தபின் ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த பாடலொன்றைக் கூறி, அது பிடித்துப்போன காரணத்தையும் சொல்லவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பாடலைப் பற்றி ஒருவருமே பேசவில்லை. புதுநன்மை வாங்கிய நாள், பொன்மலைப் பணிமனைச் சங்கொலி கேட்டுக் கணவர் வேலைக்குக் கிளம்பும் விடியற்பொழுது, காய்ச்சலில் கிடந்த குழந்தை கண் விழித்த இரவு என்று நினைவுகளே வந்துகொண்டிருந்தன. பாடல்களை எடைபோட்டு எழுதுவதையே வழக்கமாகக் கொண்டுவிட்ட நமக்கு அன்று பொறுமை சற்றுக் குறைந்தது என்பதை மறைப்பானேன்?

வானொலியின் 'நேயர் விருப்பம்' அப்போது நினைவுக்கு வந்தது. 1939 மே 16ஆம் நாள் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் நம் வீடுகளின் காலைப்பொழுதை ஆண்ட காலம் ஒன்றுண்டு. பாடலை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். ஏன் விரும்பினார்கள் என்பதை எவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் ஒரு நாகரிகம் இருந்தது. திருவரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலி, தம் இளமையில் முருகன்மேல் எழுதிய பாடலொன்றை அஞ்சலட்டையில் டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பிவைத்ததும், அவர் அதைப் பாடிப் புகழ்பெறச் செய்ததும் பலர் அறிந்த செய்தி. அரங்கன் ஊரிலிருந்து புறப்பட்ட முருகன் பாட்டு! ஆயினும் அதைக் கேட்டு உருகுவோர்க்கு அஞ்சலட்டையின் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடல் தன் காலிலேயே நிற்கிறது.

அப்படியானால் நினைவு என்பது திறனாய்வுக்குப் புறம்பானதுதானா? ஆம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். புனித அகுஸ்தீனாரும் நம் பக்கமே என்று நம்பியிருந்தோம். பாடப்படும் பொருளைவிடப் பாடும் முறையே தம்மை அதிகம் அசைத்தால் அது பாவம் என்று, தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிடும் நூலின் பத்தாம் பகுதியில் அவர் எழுதுகிறார். அவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்தபோதுதான் நம் அவசரம் விளங்கியது. திருக்கோவிலில் பாடுவதை முற்றும் விலக்கலாமா என்றுகூடத் தடுமாறும் அவர், இறுதியில் அதை ஏற்கும் பக்கமே சாய்கிறார். அதற்கு அவர் முதலில் காட்டும் சான்று எது? விசுவாசத்தின் தொடக்க நாள்களில் திருச்சபையின் பாடல்களைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீர்! ஒன்பதாம் பகுதியிலோ இதனினும் நெருக்கமான நிகழ்ச்சி. தாய் மோனிக்காவை அடக்கம் செய்தபோது கண்ணீரை அடக்கிக்கொண்டவர், பிறகு தூங்கி எழுந்து தனியே படுக்கையில் கிடக்கையில் புனித அம்புரோசியாரின் மாலைப் பாடலை நினைவுகூர்கிறார், அதன்பின்னரே அழுகிறார். அது தாயைப் பற்றிய பாடலன்று. எல்லாவற்றையும் படைத்தவரைப் போற்றி, உறக்கத்தின் இளைப்பாறுதலைச் சொல்லும் பாடல். அவருடைய துயரம் வந்து அமர்வதற்கு அதில் இடம் இருந்தது.

இந்த 'இடம்' என்பதையே நல்ல பாடலின் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. நம் மண்ணிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. 1826இல் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்து, திருச்சி நீதிமன்றத்தில் பணிபுரிந்து, பின்னர் மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878இல் வெளிவந்தது. அது தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை அழித்த காலம். பசித்தோர்க்குத் தம் பொருளை வாரி வழங்கிய அவர், பஞ்சத்தைத் தீர்க்கும்படி இறைவனிடம் பாட்டிலும் மன்றாடினார். தாம் கண்ணால் கண்ட துயரமே பாடலின் ஊற்று. எனினும் 'நான் கண்டேன், நான் கொடுத்தேன்' என்று தம்மை முன்னே நிறுத்தாமல், எந்தச் சமயத்தவரும் தம் இறைவனை நினைத்துப் பாடும்படி இயற்றினார். அதனாலேயே அக்கீர்த்தனைகள் கோவிலைத் தாண்டிக் கச்சேரி மேடைக்கும் சென்றன.

இதற்கு மாறானது திரைப்பட மெட்டில் ஏற்றிய பக்திப் பாடல். அன்றைய கூட்டத்தில் இளைஞர் ஒருவர் அத்தகைய பாடலொன்றைச் சொன்னார். பாடும்போது படத்தின் காட்சியும் கூடவே வருகிறது என்று அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அவர்மீது குறையில்லை. மெட்டைப் புனிதம், புனிதமற்றது என்று பிரிப்பதும் நம் நோக்கமன்று. அந்த இருக்கையில் முன்பே ஒருவர் அமர்ந்துவிட்டார் என்பதே நம் குறை. தாய்மொழியில் வழிபட இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழி திறந்துவிட்ட பின்னும், நமக்கென மெட்டுக் காண சோம்பினால் அது யாருடைய பிழை? 1977இல் நம் திருச்சியில் தோன்றிய கலைக்காவிரி போன்ற முயற்சிகள் இருக்கையில் இச்சோம்பலுக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

ஆனால் நம் அளவுகோல் நம்மையே உறுத்தும் இடமும் ஒன்றுண்டு. பழைய மாதா பாடல் ஒன்றைச் சொற்கள் வெறும் அசைநிரப்பல், பொருள் மெலிந்தது என்று பல ஆண்டுகளுக்குமுன் நாம் எழுதினோம். இன்றும் அத்தீர்ப்பை மாற்றிக்கொள்ள நமக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. நம் அன்னை இறந்தபோது, அடக்கத் திருப்பலியில் அதே பாடலைப் பாடவேண்டுமென்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததாக அண்டை வீட்டுப் பாட்டி வந்து சொன்னார். நம் கட்டுரையை அன்னை படித்திருந்தாரா என்று கேட்க நமக்கு நாவெழவில்லை. பாடகர் குழுவினருக்கு இரண்டு சரணங்களே தெரிந்திருந்தன. மூன்றாவதை அந்தப் பாட்டி தனியாகப் பாடினார். பெட்டியின் அருகில் நின்ற நாம், அசைநிரப்பல் என்று அன்று கோடிட்டுக் காட்டிய அதே சொற்களில் அவரோடு சேர்ந்துகொண்டோம்.