முகமூடிக்குக் கால் உண்டு

அமராவதி நகரிலிருந்து உடுமலைப்பேட்டை போகிற வழியில், புதுசாகக் கட்டுகிற வீடுகளைக் கவனியுங்கள். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசையோடு எங்காவது ஒரு திருஷ்டி முகம் இருக்கும். நல்ல டிசைன் அது. ஆடாமல் அசையாமல், போகிறவர் கண்ணைத் தன் பக்கம் இழுப்பதுதான் வேலை. சுவருக்கென்றே பிறந்த முகம்.

எல்லா முகமூடியும் அப்படியல்ல. காங்கோவில் சோங்யே என்ற இனத்தவரின் ‘கிஃப்வெபே’ முகமூடியைப் பாருங்கள். மரத்தில் செதுக்கி, முகம் முழுக்க உழுத வயல் மாதிரி கோடு கோடாகப் பள்ளம். ஆண் முகமூடிக்கு உச்சியில் கொண்டை. கொண்டை உயர உயர சக்தி அதிகம். பெண் முகமூடி பெரும்பாலும் வெள்ளை. ஆண் மிரட்டும், பெண் நிதானமாக ஆடும்.

இதை ஐரோப்பிய மியூசியங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றன. நீண்ட நார் தாடியும், உடம்பை மூடும் பின்னல் உடையும் பல சமயம் கூடவே இருப்பதில்லை. பார்க்கிறவர் ‘ஆஹா, க்யூபிசம்!’ என்று சொல்லிவிட்டு நகர்கிறார். பாதிப் பாராட்டுதான் அது. என் கட்சி என்னவென்றால், அந்தப் பள்ளங்கள் தலை திரும்பும்போது நிழல் ஓடுவதற்காக. நிறுத்தி வைத்தால் வெறும் கோடுதான்.

சந்தேகமா? தஞ்சாவூர் பக்கம் மெலட்டூருக்குப் போங்கள். நரசிம்ம ஜெயந்தியையொட்டி வருஷா வருஷம் பாகவத மேளா நடக்கிறது. வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய ‘பிரகலாத சரித்திரம்’தான் முக்கிய நாடகம். அதில் வரும் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு. அணிகிறவர் விரதம் இருப்பார். ராத்திரி தொடங்கிய நாடகம் விடிகிற நேரத்தை நெருங்கும்போது அவர் வெளிப்படுவார். ஆவேசம் ஏறி இரணியன் மேல் பாய்கிறவரை நாலைந்து பேர் பிடித்து நிறுத்துவார்கள்.

வர்ணம் பூசிய அந்த முகத்தில் ஒரு தசைகூட அசையாது. ஆனாலும் கோபம் ஏறுவது தெரிகிறதே, எப்படி? பாவம் முழுக்கக் கழுத்துக்கும் தோளுக்கும் மூச்சுக்கும் இறங்கிவிடுகிறது. முகத்தைப் பூட்டினால் உடம்பு பேசும். முகமூடிக் கலையின் சூட்சுமமே இவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த முறை முகமூடியை மட்டும் க்ளோசப்பில் எடுத்த படத்தைப் பார்த்து ‘பிரமாதம்’ என்றோ ‘முரட்டு வேலை’ என்றோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீணையை ஷோகேஸில் பார்த்துவிட்டுக் கச்சேரிக்கு விமரிசனம் எழுதுவீர்களா என்ன?

மெலட்டூர் போனால் கடைசி வரை தூங்காமல் உட்காருங்கள். செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.