அம்மோனைட்: கைகள் சொன்ன காதல்

முதல் முத்தத்துக்கு ஏறக்குறைய பாதிப் படம் வரை நம்மைக் காக்க வைக்கிறார் இயக்குநர் பிரான்சிஸ் லீ. அதுவரை அவர் காட்டுவதெல்லாம் வேலை. ஒருத்தி பாறைச் சரிவில் தொற்றி ஏறுகிறாள், கல்லைப் பெயர்க்கிறாள், பாவாடை நிறையச் சேற்றோடு சறுக்கி விழுகிறாள், எழுந்து பார்க்கிறாள், வீட்டுக்குத் தூக்கி வருகிறாள், தேய்க்கிறாள், சுரண்டுகிறாள். 'அம்மோனைட்' (2020) படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தப் பாதிக்காகத்தான். காதலைப் பாட்டிலும் வசனத்திலும் சொல்லிப் பழகிய நமக்கு, உழைப்பைக் காட்டியே காதலை முளைக்க வைக்க முடியும் என்பது பெரிய பாடம்.

1840களின் இங்கிலாந்து. தென்கரையில் டார்செட் மாவட்டத்து லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். நாற்பதைக் கடந்த மேரி ஆனிங் (கேட் வின்ஸ்லெட்) தன் தாயோடு சிறிய கடை நடத்துகிறாள். கடற்கரையில் கிடைக்கும் புதைபடிவங்களைச் சுத்தம் செய்து, வருகிற பயணிகளுக்கு விற்பதுதான் பிழைப்பு. லண்டனிலிருந்து புவியியலாளர் ராட்ரிக் மர்ச்சிசன் அவளிடம் தொழில் பார்க்க வருகிறார். கூடவே துயரத்தில் மூழ்கிக் கிடக்கும் இளம் மனைவி சார்லட் (சர்ஷா ரோனன்). விடுதிச் சாப்பாட்டு மேசையில் தனக்கு வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, மனைவிக்கு மட்டும் வெறும் மீன், மசாலா எதுவும் வேண்டாம் என்று அவரே முடிவு செய்கிறார். அந்த ஒரு வரியில் ஒரு தாம்பத்தியம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவர் பயணம் கிளம்ப, மனைவியைக் கடற்கரைக் காற்றில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி மேரிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். மேரிக்கு இஷ்டமில்லை. ஆனால் பணம் தேவை.

இனி வருவதை வின்ஸ்லெட்டின் கைகளை வைத்துத்தான் பேச வேண்டும். நகத்துக்கடியில் மண், வெடித்த விரல் முனைகள், கல்லைப் பிடித்துப் பிடித்துத் தடித்த உள்ளங்கை. இந்தக் கைகளுக்கு முகத்துக்குச் சமமான இடம் கொடுத்திருக்கிறது ஸ்டெஃபான் ஃபோன்டேனின் கேமரா. கல்லுக்குள் இருக்கும் உயிரியின் விளிம்பைக் கண்டுபிடிப்பதில் அவசரப்பட முடியாது. ஓர் அடி அதிகமாக விழுந்தால் இருபது கோடி ஆண்டுகள் தாங்கி வந்தது இரண்டாகிவிடும். எங்கே ஓடு முடிகிறது, எங்கே வெறும் கல் தொடங்குகிறது என்று விரலால் தடவித் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேரிக்கு மனிதர்களிடம் இந்தப் பொறுமை கிடையாது, கல்லிடம் மட்டும் உண்டு. அந்தப் பொறுமை மெல்ல மெல்லக் கல்லிலிருந்து ஒரு பெண்ணுக்கு இடம் மாறுவதுதான் படத்தின் கதை. லீ இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

கடலில் குளிக்கப் போன சார்லட் கடும் காய்ச்சலில் விழுகிறாள். வேண்டா வெறுப்பாக ஏற்ற பொறுப்பு, இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து துணி நனைத்து வைக்கும் பொறுப்பாகிறது. வின்ஸ்லெட் இங்கே பாசத்தை முகத்தில் கொண்டுவருவதே இல்லை. வேலையைச் செய்கிறவளின் சிடுசிடுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் கை மென்மையாகிவிட்டது! உடம்பு தேறிய பிறகு சார்லட் கரையில் ஒரு பெரிய கல்லைக் கண்டுபிடிக்கிறாள். தூக்க முடியாது என்று மேரி விட்டுவிடப் பார்க்கிறாள், இவள் விடுவதாயில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து தோண்டியெடுத்துச் சுமந்து வருகிறார்கள். எனக்கு இதுதான் படத்தின் முதல் காதல் காட்சி. ஒரே பாரத்தின் இரண்டு முனையை இருவர் பிடித்து நடக்கும்போது அடி ஒத்துப்போயே தீர வேண்டும். படுக்கையறைக் காட்சிகள் பின்னால் வருகின்றன, வெளிப்படையாகவே. அவற்றைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. அந்தக் கல் இல்லாமல் அவை வெறும் காட்சிகளாக நின்றிருக்கும்.

ரோனனுக்குக் கிடைத்தது கடினமான பாத்திரம். துக்க உடையில் வாய் திறக்காமல் தொடங்கி, பசியெடுத்து, சிரித்து, பொறாமையைக் கிளப்பும் அளவுக்கு உயிர் பெற வேண்டும். மருத்துவர் வீட்டு இசை நிகழ்ச்சியில் அவள், மேரியோடு முன்பு நெருங்கியிருந்த எலிசபெத் ஃபில்பாட்டோடு கலகலப்பாகப் பேசுவதை மேரி பின்னாலிருந்து பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. பழைய உறவொன்றின் காயமும் புதிய உறவொன்றின் பயமும் அதில் ஒன்றாக வருகின்றன. மேரியின் தாயாக வரும் ஜெம்மா ஜோன்ஸையும் சொல்லாமல் போகக் கூடாது. இறந்த பிள்ளைகளுக்கு ஈடாக வைத்திருக்கும் பீங்கான் பொம்மைகளை அவள் கழுவித் துடைத்து அடுக்கும் காட்சி, அந்த வீட்டில் ஏன் யாரும் பேசுவதில்லை என்பதற்குப் போதுமான விளக்கம்.

கடலும் கரையும் என்றால் நம் மரபில் நெய்தல், நெய்தல் என்றால் இரங்கல். இந்தப் படத்தின் கடற்கரை அதற்கு நேர்மாறு. இங்கே யாரும் அலையைப் பார்த்து ஏங்குவதில்லை. அது வேலைத்தலம். சுண்ணாம்புக் கல்லும் களிமண் பாறையும் மாறி மாறிப் படிந்த அந்தச் செங்குத்துச் சரிவுகள் குளிர்காலப் புயலில் இடிந்து விழும். விழுந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். கடல் அதை அள்ளிப் போவதற்குள் எடுத்தாக வேண்டும், ஓதம் ஏறுவதற்குள் திரும்பியாக வேண்டும். 1833-இல் நடந்த ஒரு சரிவில் மேரி ஆனிங்கின் நாய் ட்ரே அவர் கண்ணெதிரே புதைந்து செத்தது. இத்தகைய இடத்தை அழகாக்காமல் காட்டியிருப்பது லீயின் நேர்மை. வானம் சாம்பல், தண்ணீர் சாம்பல், துணி ஈரம். பின்னணி இசை மிகக் குறைவு. அலை, காற்று, கூழாங்கல் உருளும் சத்தம், வீட்டுக்குள் வந்தால் துணி உரசும் சத்தம் என்று ஒலியே பாதி வசனத்தைப் பேசிவிடுகிறது.

வரலாற்றில் மேரி ஆனிங் (1799–1847) ஒரு தச்சரின் மகள். 1811-இல் அவருடைய அண்ணன் ஜோசப் ஒரு விலங்கின் மண்டையோட்டைக் கண்டார். அடுத்த ஆண்டு மீதி உடலை மேரி கண்டுபிடித்தார். இக்தியோசர் என்ற அந்தக் கடல் ஊர்வன 23 பவுண்டுக்கு விற்கப்பட்டது. 1823-இல் பிளீசியோசர் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் முழுமையான படிவம் ஒன்றையும், 1828-இல் பறக்கும் ஊர்வன இனத்துப் படிவம் ஒன்றையும் எடுத்தார். அவர் எடுத்தவற்றை வைத்து ஆண்கள் கட்டுரை வாசித்தார்கள். லண்டன் புவியியல் சங்கம் 1919 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. படத்தின் தொடக்கத்திலேயே இந்த அநியாயம் வந்துவிடுகிறது. அருங்காட்சியகத்தில் ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, அவளை ஒதுக்கிவிட்டு இக்தியோசரைத் தூக்கி வருகிறார்கள். மேரியின் பெயர் எழுதிய சீட்டு எடுக்கப்பட்டு வேறொரு சீட்டு வைக்கப்படுகிறது.

மேரிக்கும் சார்லட்டுக்கும் காதல் இருந்ததற்குச் சான்று ஏதுமில்லை. இதை வைத்துப் படம் வெளிவருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. மேரி மணம் செய்துகொள்ளவில்லை, அவருடைய அகவாழ்வைப் பற்றி எந்தப் பக்கமும் சான்று கிடையாது. அந்த வெற்றிடத்தில் ஒரு கதாசிரியன் கற்பனை செய்ய உரிமை உண்டு. ஓர் ஆணோடு காதலைக் கற்பித்திருந்தால் இத்தனை பேர் சான்று கேட்டிருப்பார்களா என்பதும் நியாயமான கேள்வி.

என் மனக்குறை வேறு. உண்மையான சார்லட் மர்ச்சிசன் 1788-இல் பிறந்தவர், மேரியைவிடப் பதினோரு வயது மூத்தவர். நரி வேட்டையில் பொழுதைக் கழித்த கணவரைப் புவியியலுக்குத் திருப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1825-இல் லைமில் தங்கி மேரியோடு படிவம் தேடியவர், பாறை அமைப்புகளை வரைந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் புவியியலாளர் சார்லஸ் லயல் ஆற்றிய உரைகளுக்குப் பெண்களை அனுமதிக்க வைத்ததில் அவருக்கும் பங்குண்டு. சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரியான அம்மோனைட்டில் ஓர் இனத்துக்கே அவர் பெயரால் 'மர்ச்சிசோனே' என்று பெயர் வைத்தார்கள். படத்தின் தலைப்பிலேயே அம்மோனைட்டை வைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணின் கையிலிருந்த சுத்தியலை லீ பிடுங்கிவிட்டார். இரண்டு அறிவியலாளர்களின் காதலாக இருந்திருக்க வேண்டியது, ஓர் அறிவியலாளரும் ஒரு சோகமான சீமாட்டியும் என்று சுருங்கிவிட்டது. படத்தின் பிற்பகுதியில், லண்டன் வீட்டில் மேரிக்காகச் சார்லட் ஆசையாக ஓர் அறையை அலங்கரித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் மேரிக்குக் கோபம் வருகிறது, தன்னையும் காட்சிப் பொருளாக்கிக் கூண்டில் வைக்கப் பார்க்கிறாள் என்று. அருமையான காட்சி. சார்லட்டுக்கும் ஒரு தொழில் இருந்திருந்தால் அந்தச் சண்டை இன்னும் ஆழமாக விழுந்திருக்கும்.

குறை இருந்தும் இந்தப் படத்துக்கு இணையாக, பார்ப்பதையும் தொடுவதையும் மட்டுமே நம்பி வளரும் காதல் படங்கள் சமீப ஆண்டுகளில் எனக்கு அதிகம் தட்டுப்படவில்லை. லீயின் முந்தைய படமான 'காட்ஸ் ஓன் கன்ட்ரி'யிலும் (2017) ஆட்டுப் பண்ணை வேலைக்கு நடுவில்தான் இரண்டு ஆண்களுக்குள் காதல் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்தக் கலைஞரின் கை எங்கே இருக்கிறது என்று புரியும்.

அம்மோனைட் என்றால் என்னவென்று நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் டார்செட் வரை போக வேண்டியதில்லை. நம் அரியலூர் வட்டாரச் சுண்ணாம்புப் பாறைகளிலும் கிடைக்கிறது, பிற்காலத்தது. படத்தைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள். நல்ல ஒலியமைப்புள்ள அறையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லையே என்று தோன்றினால் மேரியின் கைகளைக் கவனியுங்கள்.