முகமும் மாதிரியும்

சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மனிதர்கள் கேமரா முன் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். படத்தின் அடியில் சாதியின் பெயர் உண்டு. மூக்கின் அளவும் உண்டு. ஆளின் பெயர் அநேகமாக இல்லை. முகம் அங்கே ஒரு மாதிரி, அவ்வளவே.

இன்று, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு மாலை. சாயம் ஏற்றிய முடி, இரவல் பைக், கறுப்புக் கண்ணாடி. ஒருவனை மற்றவன் போனில் படமெடுக்கிறான். ‘புள்ளிங்கோ’ என்பது அவர்களுக்குள் சினேகச் சொல். 2019 வாக்கில் ஊர் அதைக் கேலியாக்கிவிட்டது. முடியைப் பார்த்துப் பேட்டையையும், பேட்டையைக் கொண்டு சாதியையும் ஊகிக்கிறார்கள். மறுபடியும் மாதிரி.

நம் கலைப் புகைப்படம் இதற்கு மாற்றாகத் தருவது என்ன? கறுப்பு வெள்ளைத் துயரம். கண்ணாடியைக் கழற்று, சிரிக்காதே என்கிறது. இரக்கமும் ஓர் அளவுகோல்தான்.

‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார் மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து படமெடுத்தவர். மீன் விற்ற தன் தாயையும் எடுத்தவர். பிறகு துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்பித்தார். இதைத் தாராள மனம் என்று பாராட்டுவது மேலோட்டமானது. எப்படி நிற்பது என்று தீர்மானிக்கும் உரிமை இங்கே கைமாறுகிறது.

ஏரிக்கரைப் பையனின் பாவனை சினிமாவிடம் கடன் வாங்கியது, சரி. ஆனால் தேர்ந்தெடுத்தவன் அவன். அதற்கடியில் ‘அசல்’ முகத்தைத் தேடுவது தர்ஸ்டனின் வேலை.