சிறைப்புறம்: சிறைக் கடிதங்களின் மறுபாதி குறித்து

கெலுகோர் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு ஜெரெஜாக் தீவு தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளரையும், பின்னர்க் கப்பலில் வந்திறங்கிய தொழிலாளரையும் ஒதுக்கி வைக்கப் பயன்பட்ட அத்தீவு, 1969 முதல் 1993 வரை சிறைத்தீவாக விளங்கியது. அதனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கைதிகளின் கதையையே பேசுவர். கைதியைக் காணப் படகேறிச் சென்று மாலையில் திரும்பிய தாயரையும் மனைவியரையும் பற்றிப் பேசுவோர் அரியர். சிறை இலக்கியம் பற்றிய நம் திறனாய்விலும் இதே குறை உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். சிறையினின்று வெளிவந்த கடிதத்தை நாம் தனி ஒருவரின் குரலாக வாசித்துப் பழகிவிட்டோம். அது ஒரு கயிற்றின் ஒரு முனை. மறுமுனையைப் பற்றி நின்றவர் யார், அவர் என்ன எழுதினார் என்று கேட்பதே இல்லை.

இக்கேள்வி நம்முடையது அன்று, ஒரு மாணவியுடையது. கடித இலக்கியம் பற்றிய வகுப்பில் நேருவின் சிறைக் கடிதங்களை அறிமுகப்படுத்தி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த அவர், "டாக்டர், மகள் என்ன பதில் எழுதினார்?" என்று வினவினார். நாம் அப்போது ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டோம். சில நாள் கழித்து அறைக்கு வந்து தம் அண்ணன் சிறையில் இருப்பதாகவும், மாதந்தோறும் தாமே கடிதம் எழுதுவதாகவும் கூறினார். "நேரு பக்கம் பக்கமா எழுதுறார். அண்ணனுக்கு எழுத ஒன்னுமில்லையாம். சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான். ஆனா கடிதம் வராத மாசம் அம்மா சரியாச் சாப்பிடுறதில்லை." தம் கடிதங்களின் மூலையில் அவர் எண் இட்டு வருகிறார். இடையில் ஒன்று சேராமற் போனால் எது போயிற்று என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டுமாம். பதிப்பாசிரியர் செய்ய வேண்டிய பணியை அவர் செய்துவருகிறார் என்று அன்று நமக்குத் தோன்றியது.

சிறைப்புறம் என்னும் கருவி

பிரிவைப் பேசுவதில் தமிழ்க் கவிதையியலுக்கு நிகர் காண்பது அரிது. ஓதல், பகை, தூது, காவல், பொருள் எனப் பிரிவின் காரணங்களை இலக்கணம் வகுத்துள்ளது. சிறைப்படுதல் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் அகத்திணை மரபிலேயே சிறைக் கடிதத்தை வாசிக்க உதவும் கருவி ஒன்று உளது. சங்கப் பாடல்களின் துறைக்குறிப்புகளில் 'சிறைப்புறம்' என்னும் சொல் அடிக்கடி வருவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆண்டுச் 'சிறை' என்பது வேலியையோ ஒதுக்குப்புறத்தையோ குறிக்கும். தலைவன் அங்கு நின்று கேட்கிறான் என்பதை அறிந்தே தோழி தலைவியிடம் பேசுவாள். முகவரி ஒருவருடையது, செவி வேறொருவருடையது. சிறைக் கடிதத்தின் கட்டமைப்பும் இதுவே. 'அன்புள்ள அம்மா' என்று தொடங்கும் வரியை அம்மாவுக்கு முன் அதிகாரி ஒருவர் படிக்கிறார். அதை எழுதுபவரும் அறிவார், பெறுபவரும் அறிவார்.

இவ்வொப்புமை ஓர் எல்லை வரைதான் செல்லும். அகப்பாட்டில் ஒட்டுக்கேட்பவன் அன்புடையவன். அவன் கேட்பதால் வரைவு கைகூடும். சிறையில் ஒட்டுக்கேட்பவர்க்கு அன்பும் இல்லை, பகையும் இருக்கவேண்டுவதில்லை. அவர் கடமையைச் செய்கிறார். எனவே அகப்பாட்டில் குறிப்புப் பொருளை வளர்க்கும் அதே அமைப்பு, சிறைக் கடிதத்தில் சொல்லை வறளச் செய்கிறது. 'நலம், நலமறிய ஆவல்' என்னும் தொடரை உயிரற்ற வாய்பாடு என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். தணிக்கைக்கு உட்பட்ட கடிதத்தில் அவ்வாய்பாடே செய்தியாகிறது. எழுதியவர் உயிரோடும் கை நடுங்காமலும் இருக்கிறார் என்பதை அவ்வொரு வரியின் கையெழுத்து தெரிவிக்கிறது. இத்தகைய கடிதங்களில் இலக்கிய நயம் இல்லை என்று ஒதுக்குவோர், எதை ஒதுக்குகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

உள்ளிருப்பவர், வெளியிலிருப்பவர் என்னும் இரு குரல்கள் நம் மரபிற்குப் புதியனவும் அல்ல. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்திப் பெற்று, அதனை உண்ணாது உயிர் நீத்ததாகப் புறநானூற்றின் 74ஆம் பாட்டின் குறிப்பு கூறும். அவனை மீட்கவே பொய்கையார் களவழி நாற்பது பாடினார், சேரன் விடுதலையானான் என்பது மற்றொரு மரபு. இவற்றுள் எது வரலாறு என்று அறிஞர் விவாதித்துள்ளனர். நமக்கு வேறொன்று முக்கியம். உள்ளிருந்தவன் பாட்டு சாவில் முடிகிறது; வெளியிலிருந்த நண்பரின் பாட்டு விடுதலையில் முடிகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே உரையாடலாக வாசித்த திறனாய்வைக் காண்பது அரிது.

நேருவும் இந்திராவும்

மாணவியின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். ஓ.வி. அளகேசன் மொழிபெயர்ப்பில் 'உலக சரித்திரம்' என்று தமிழர் அறிந்த நூல், 1930 அக்டோபர் 26இல் நைனி சிறையிலிருந்து மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு எழுதிய கடிதத்தோடு தொடங்குகிறது. 1933 ஆகஸ்டில் தேராதூன் சிறையில் முடிகிறது. ஏறத்தாழ இருநூறு கடிதங்கள். இவற்றுள் பலவும் அஞ்சலில் சேர்க்கப்படவில்லை; எழுதி எழுதிச் சேர்த்து வைக்கப்பட்டன. அதாவது, தந்தை எதிர்பார்த்தது உடனடி மறுமொழியை அன்று. இந்நூலின் நடையிலுள்ள அமைதிக்கும் அகலத்திற்கும் இதுவே முதற்காரணம் என்பது நம் துணிபு. மறுநாள் அதிகாரியின் மேசைக்குச் செல்லும் கடிதத்தில் எகிப்தும் கிரேக்கமும் அவ்வளவு தாராளமாக இடம்பெற்றிரா.

இக்கடிதங்கள் எழுதப்பட்ட காலத்திலேயே நேருவின் தன்வரலாறு வேறொரு செய்தியைப் பதிவு செய்கிறது. அலகாபாத் சிறைக்கு உறவினரைக் காணச் சென்ற அவர்தம் குடும்பத்துப் பெண்கள் அங்கே அவமதிக்கப்பட்டனர். அதன்பின் அவர் தம்மைக் காண வருவோரைச் சந்திப்பதையே பல மாதங்கள் துறந்தார். மகளுக்கு உலகைச் சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதர் மகளின் முகத்தைக் காணும் வாய்ப்பைத் தாமே விட்டுக்கொடுத்தார். 'உலக சரித்திரம்' நூலைக் கல்வி நூலாக மட்டும் கற்பிக்கும்போது, இந்த இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. முதிய தாய் சிறைவாயிலில் தள்ளப்பட்ட செய்தி, அந்நூலின் பேரரசுகளுக்கும் புரட்சிகளுக்கும் அடியில் கிடக்கிறது.

மகளின் மறுமொழிகள் அச்சேற அரை நூற்றாண்டிற்கும் மேலாயிற்று. இருவர் கடிதங்களும் சோனியா காந்தியின் பதிப்பில் 1989, 1992 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவற்றுள் 1942, 43ஆம் ஆண்டுகளுக்கு உரியவை தனிக் கவனம் பெறத்தக்கன. அப்போது தந்தை அகமத்நகர் கோட்டையில், மகள் நைனி சிறையில். இருவரும் கைதிகள், இருபுறமும் தணிக்கை. முன்பு கேட்பவராக மட்டும் இருந்தவர் இப்போது சிறையின் நாள்களைத் தாமே அறிந்தவராகிறார். தமிழ் வாசகருக்கு முதல் நூல் மட்டும் பழக்கமாகி, பின் வந்த தொகுதிகள் பழக்கமாகாமற் போனது தற்செயல் எனத் தோன்றவில்லை. போதிக்கும் தந்தையை நம் பாடத்திட்டங்கள் விரும்பின.

தமிழ்ச் சிறை எழுத்தின் பொதுப்போக்கும் இத்தகையதே. அண்ணா 1963இல் சிறைப்பட்ட அனுபவத்தை 'கைதி எண் 6342' எனத் தம்பிக்கு எழுதும் மடலாக்கினார். அத்தம்பி ஓர் இயக்கம். அவன் மறுமொழி எழுத வேண்டியதில்லை. வ.உ.சி. கோவையிலும் கண்ணனூரிலும் 1908 முதல் 1912 வரை இருந்தபோது வெளியே குடும்பத்தைத் தாங்கிய மீனாட்சி அம்மாளின் குரலை, செக்கிழுத்த கதையைக் கற்பிக்கும் நாம் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். பேரறிவாளனின் 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' இதிலிருந்து சற்று வேறுபடுகிறது. 1991இல் பத்தொன்பது வயதில் கைதாகி 2022 மே 18இல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட அவரது வழக்கின் நியாயங்களுள் நாம் ஈண்டுப் புகவில்லை. அம்மடலின் மறுபாதியைத் தாயார் அற்புதம்மாள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடைகளிலும் சிறைவாயில்களிலும் பேசியே நிறைவு செய்தார். அது எழுத்தாகாத மறுமொழி, ஆயினும் மறுமொழிதான்.

கமுந்திங்கும் சாங்கியும்

நம் நாட்டின் சிறை நூல்களுள் இரண்டின் தலைப்புகளை நோக்குவோம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கமுந்திங்கில் வைக்கப்பட்ட காசிம் அகமது தம் மலாய் நூலுக்கு 'இரண்டாம் பல்கலைக்கழகம்' என்று பொருள்படும் பெயரிட்டார். 1987இன் லாலாங் நடவடிக்கையில் கைதான குவா கியா சூங் தம் ஆங்கில நூலின் தலைப்பிலேயே 445 நாள்களை எண்ணி வைத்தார். இரண்டும் உள்ளிருந்தவரின் காலக்கணக்கு. வருகையாளரின் காலம் வேறு. அது அடுத்த சந்திப்பு நாள் வரை நீண்டு, கண்ணாடிக்கு முன் சில நிமிடங்களில் தீர்ந்து, பேருந்தில் மீண்டும் நீளத் தொடங்கும். பின்னாளில் புக்கிட் கெலுகோர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய கர்ப்பால் சிங், 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்ற ஆணையால் விடுதலையாகிச் சில மணி நேரத்தில் மீண்டும் கைது செய்யப்பட்டார். 1989 ஜனவரியில்தான் வெளிவந்தார். அச்சில மணி நேரத்தைச் சட்ட வரலாறு ஆட்கொணர்வு மனுவின் கதையாக எழுதும். அது வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எழுத இலக்கியமே வர வேண்டும்.

அண்மைக் கால நிகழ்வு ஒன்று இப்பொருளில் நம்மை நெடிது நிறுத்துகிறது. நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் சிங்கப்பூரில் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டு மரண தண்டனை பெற்றவர். 2021 அக்டோபர் 26 தேதியிட்டு, ஈப்போவைச் சேர்ந்த அவருடைய தாயாருக்குச் சிறைத்துறை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் விடுத்தது. நவம்பர் 10இல் தண்டனை நிறைவேற்றப்படும் என்பதும், பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை கடந்து வருவதற்குரிய ஏற்பாடுகளும் அதில் ஒரே தொனியில் அமைந்திருந்தன. சிறையிலிருந்து அன்னைக்கு வரும் மடல் என்னும் வகைமையை அரசே எடுத்தாண்ட எடுத்துக்காட்டு இது. அதன் பணிவான நடையே அதன் கொடுமை. அதற்கு மறுமொழி எழுதும் முறை எந்த மொழியிலும் இல்லை.

தண்டனை சில மாதம் தள்ளிப்போயிற்று. 2022 ஏப்ரல் 26இல் இறுதி மனு தள்ளுபடியானபின், நீதிமன்றக் கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் தாயும் மகனும் கையைப் பற்றிக்கொண்டு அழுததையும், 'மா' என்ற அவர் குரல் மன்றமெங்கும் கேட்டதையும் செய்தியாளர் பதிவு செய்தனர். மறுநாள் விடியலில் அவர் தூக்கிலிடப்பட்டார். பதின்மூன்று ஆண்டுக் கடிதங்களும் சந்திப்புகளும் சென்று சேர்ந்த இடம் அவ்வோரெழுத்து. உரையாசிரியர் எவரும் அதற்குப் பொழிப்புரை எழுத வேண்டுவதில்லை.

பன்னீர்செல்வம் பரந்தாமன் வேறு வகையில் கருதத்தக்கவர். 2014இல் கைதாகி 2025 அக்டோபர் 8இல் தூக்கிலிடப்பட்ட இவ்விளைஞர் சிறையில் கவிதைகளும் பாடல்களும் எழுதினார். மலாய் மொழியில் அவர் எழுதிய பாடல் ஒன்றைச் சந்தேஷ் பாடினார். சகோதரிகள் உள்ளிட்ட குடும்பத்தாரின் முயற்சியின்றி அவ்வெழுத்து வெளியே உலவியிருக்காது. இவ்விடத்தில் வருகையாளர் வெறும் வாசகர் அல்லர். படியெடுப்பவர், பதிப்பாளர், பரப்புபவர் அனைத்தும் அவரே. தமிழ் வீட்டில் பிறந்தவர் தம் மிகக் கடினமான நாள்களை மலாயில் பாடியது ஏன் என்று சிலர் வருந்துவர். நாம் வருந்தவில்லை. யார் செவியை எட்ட வேண்டுமோ அவர் மொழியை எழுதுபவர் தேர்கிறார். தோழி சிறைப்புறம் நோக்கிக் குரலை உயர்த்துவது போல.

இனி, அக்குரல் யாருக்கு உரியது? கைதிகளின் கடிதப் படிகளைச் சிறைத்துறை தலைமைச் சட்டத்துறை அலுவலகத்திற்கு அனுப்பிவந்தமை 2020இல் வெளிப்பட்டது. அது தொடர்பாகப் பதின்மூன்று கைதிகள் தொடுத்த வழக்கில், அச்செயல் சட்டத்திற்கு முரணானது எனச் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அவர்களுள் மூவருக்குப் பதிப்புரிமை மீறலுக்காகப் பெயரளவு இழப்பீடாகத் தலா பத்து வெள்ளி கிடைத்தது. தொகை சிறிது. எனினும் தூக்குக் கொட்டடியில் இருப்பவரும் தம் கடிதத்திற்கு ஆசிரியர் என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றது. இலக்கியத் துறைகள் இதனை வழக்கறிஞர்களுக்கு உரிய செய்தியென்று விட்டுவிட்டன.

பதிப்புப் பணியில் ஈடுபடுவோரிடம் ஒன்று வேண்டுவோம். சிறைக் கடிதங்களைத் தொகுக்கும்போது சிறை முத்திரை, எழுதிய நாள், சேர்ந்த நாள், அடிக்கப்பட்ட வரிகளின் நீளம் ஆகியவற்றைப் பாடவேறுபாட்டுக்கு நிகராகக் குறித்தல் வேண்டும். மறுமொழி கிடைத்தால் அருகிலேயே வைத்தல் வேண்டும். கிடைக்காத இடத்தை வெற்றிடமாகக் காட்டல் வேண்டும். பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் நம்மைவிட இதற்கு அண்மையில் உள்ளனர். கடிதம் எழுதுக என்னும் வினாவிற்கு விடையெழுதும் வகுப்பில், வீட்டில் உண்மையாகவே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கும் பிள்ளை இருத்தல் கூடும். அதை எல்லார் முன்னும் படிக்கச் சொல்லாதிருத்தலே முதற்பாடம்.

அம்மாணவியின் பருவக் கட்டுரை நேருவின் தன்வரலாற்றையும் 1992ஆம் ஆண்டுத் தொகுதியையும் ஒப்பிட்டது. தம் அண்ணனின் கடிதம் எதையும் அவர் அதில் சேர்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை. தாம் எழுதியவற்றுள் பதினேழாம் எண் இன்னும் சேரவில்லை என்று மட்டும், அதனை ஒப்படைக்க வந்தபோது கூறினார்.