பெயர் சொல்லிப் பாடுங்கள்

மன்னார்க் கரையில் கோயில் திருநாள் வந்தால் ஓர் இரவு இசைக்குழுவுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். மேடையேறும் பொடியன்கள் பகலில் கடலுக்குப் போகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், உயர்தரம் படிக்கிறவர்கள். முதலில் மாதா பாட்டு வரும், பிறகு சினிமாப் பாட்டு. சாமம் தாண்டியதும் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் "பைலா!" என்று குரல் கொடுப்பார். 'சுராங்கனி' தொடங்கும். அது ஓய்வதற்குள் 'சின்ன மாமியே' வந்துவிடும். கதிரைகள் ஓரத்துக்குப் போகும். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கிழவனும் எழும்புவான்.

அந்த நேரத்தில் நான் கிட்டார்க்காரனின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு எண்ணிக்கை ஒரு சுற்று. ஒன்றிலும் நாலிலும் அழுத்தம். விரல்கள் தந்திகளை வருடி இறங்குகின்றன. ஒலி எழுந்த உடனேயே உள்ளங்கை தந்திமேல் விழுந்து அதை அறுக்கிறது. காலைத் தூக்கவைப்பது அந்த அறுப்புத்தான். கையை எடுக்க அரைக்கணம் பிந்தினாலும் சுதி சரியாக இருக்கும், பாட்டும் சரியாக இருக்கும், ஆனால் கூட்டம் ஆடாது. கேட்பதற்கு எளிமையான இந்தப் பாட்டுகளைக் கற்றுக்குட்டிகள் கெடுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

தாளம் நம் கரைக்கு வந்த கதை நீண்டது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். பைலா என்ற சொல்லே அவர்களுடையது; ஆடுவதைக் குறிப்பது. அவர்கள் காலத்திலும் பின்னரும் வந்து சேர்ந்த ஆபிரிக்கரின் தாளம் அதில் கலந்தது. மன்னாருக்குத் தெற்கே புத்தளம் சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் 'மஞ்ச' என்ற பாட்டுகளைப் பாடுகிறார்கள். பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்டியன் இந்தத் தாளத்தைச் சிங்கள மேடையில் நிலைநிறுத்தினார். அதற்கு அடுத்த தலைமுறையில் தமிழ் இளைஞர்கள் கிட்டாரோடு வந்தார்கள். ஈழத்துப் பொப்பிசை அப்படித்தான் பிறந்தது.

நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாட்டை அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்த காலத்தில் ஆக்கினார். மாமியிடம் மகளைத் தேடி ஒருவன் கேள்வி கேட்கிறான், மாமி பதில் சொல்கிறாள். நம் முற்றத்தில் நடக்கிற பேச்சு அப்படியே மெட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்தது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. மீன் வாடியில் வளர்ந்தவனுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு மொழிக்காரரும் ஒரே கடலில் வலை போட்ட நாட்டில், இரண்டு மொழியும் ஒரே வரியில் இடறாமல் நிற்கமுடியும் என்று அந்தப் பாட்டு காட்டியது. 1977இல் அது கடலைத் தாண்டியது. 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனார்.

பிறகு எல்லாம் கலைந்தது. படிப்பு, சினிமா, யுத்தம் என்று ஒவ்வொருவரையும் ஒவ்வொன்று இழுத்துக்கொண்டு போனது. நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் சென்னையில் 'சிலோன் மனோகர்' என்ற பெயரோடு நடிகரானார். 1983இல் இனக்கலவரம் வந்தது, 1990இல் யுத்தம் மறுபடி மூண்டது. தலைமன்னாருக்கு ரயில் நின்றது. எங்கள் கரையிலிருந்து சனங்கள் வள்ளமேறி இராமேசுவரத்துக்குப் போனார்கள். மேடை போடவே ஆளில்லாத ஊரில் யார் பைலா கேட்பது?

கலைந்த குழு எப்படித் திரும்பச் சேரும் என்று அறிய, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து 'பிக் ஸ்டார்' குழுவின் கதையை இங்கே சொல்லவேண்டும். 1971இல் சேர்ந்த நான்கு பேர். இனிய மெட்டு, கூடிப் பாடும் குரல்கள், அதிரும் மின்கிட்டார் எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் 'பவர் பொப்' அவர்களுடைய கலை. 1972இல் முதல் இசைத்தட்டு வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் சரியாக நடக்காததால் தட்டு பல கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. நால்வரில் ஒருவரான கிறிஸ் பெல் மனம் நொந்து விலகினார். 1978இல், 27ஆம் வயதில், வாகன விபத்தில் இறந்தார். இரண்டாம் தட்டு 1974இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மூன்றாவதைப் பதிவு செய்துவிட்டுக் குழு கலைந்தது. மீதி இருந்த அலெக்ஸ் சில்டனும் ஜோடி ஸ்டீபன்ஸும் பிக் ஸ்டார் என்ற பெயரில் மறுபடி மேடையேறியது 1993 ஏப்ரல் 25இல், மிசூரிப் பல்கலைக்கழகத்தில். அவர்களை அழைத்தவர்கள் மாணவர்கள். காலியாக இருந்த இரண்டு இடங்களில் நின்றவர்கள் 'போசீஸ்' குழுவின் ஜோன் அவரும் கென் ஸ்ட்ரிங்ஃபெலோவும். பழைய குழு கலைந்தபோது இவர்கள் சிறுபிள்ளைகள். தட்டைக் கேட்டுக் கேட்டே பாட்டைப் படித்தவர்கள்.

இந்தக் கதையை அறிந்த பிறகு எங்கள் திருநாள் மேடை எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. குழுக்களைக் கலைப்பதற்குப் பணமும் கோபமும் யுத்தமும் போதும். திரும்பச் சேர்த்துவைப்பது, அவர்களை நேரில் பார்த்திராத ஒரு பிள்ளை அந்தப் பாட்டைப் பிழையில்லாமல் வாசிக்கப் பழகுவதுதான். 2015இல் ரயில் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது. அதற்கு முன்பே, அகதி முகாம்களிலிருந்து மீண்ட சனங்களோடு இந்தப் பாட்டுகளும் வந்துவிட்டன. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அதன் பிறகும் அவருடைய பாட்டு இங்கே ஓயவில்லை.

குறை ஒன்றுதான். 'அடுத்ததாக ஒரு பைலா' என்று அறிவிப்பாளர் சொல்கிறார், பாட்டு தொடங்கிவிடுகிறது. ஆடுகிற பிள்ளைகளில் பலர் 'சுராங்கனி' சினிமாவில் பிறந்தது என்றே நினைக்கிறார்கள். ஆகவே எங்கள் இசைக்குழுத் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த திருநாளில் முதல் தந்தியைத் தொடுமுன், இது நித்தி கனகரத்தினம் ஆக்கியது, இது ஏ.ஈ. மனோகரன் பாடியது என்று ஒலிவாங்கியில் சொல்லுங்கள். அதற்குப் பத்து விநாடிகூட ஆகாது. பிறகு கையை நேரத்துக்குத் தந்தியில் போட்டு ஒலியை அறுங்கள். நாங்கள் ஆடுகிறோம்.