வீடு திரும்பிய மூவர்

யுத்தக் கதை எழுதுவது சுலபம். பீரங்கி முழங்கும், வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார். யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்தவனைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். அவனுக்கு நேர்வதெல்லாம் சின்ன விஷயங்கள். அந்தச் சின்ன விஷயங்களை நம்பி 1946-ல் வில்லியம் வைலர் ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம் ஒன்றை எடுத்தார். 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்று பெயர்.

பூன் சிட்டி என்ற கற்பனை ஊருக்கு மூன்று பேர் ஒரே விமானத்தில் திரும்புகிறார்கள். பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்த அல், பட்டாளத்தில் வெறும் ஸார்ஜெண்ட். மருந்துக் கடையில் சோடா கலக்கிக் கொடுத்த ஃப்ரெட், விமானப் படையில் காப்டன். யுத்தம் தலைகீழாக்கிய அந்தஸ்தைச் சமாதானம் திரும்பவும் புரட்டிப் போடுகிறது. ஃப்ரெட் மறுபடி அதே கடைக்கே போய் நிற்கிறான். மூன்றாமவன் மாலுமி ஹோமர். அவனுக்குக் கைகள் இருந்த இடத்தில் இரும்புக் கொக்கிகள்.

ஹோமராக வரும் ஹெரால்ட் ரஸ்ஸல் நடிகரல்ல. 1944-ல் ராணுவப் பயிற்சி முகாமில் வெடி விபத்தில் நிஜமாகவே இரு கைகளையும் இழந்தவர். பகலில் கொக்கியாலேயே தீக்குச்சி கிழிக்கும் சாமர்த்தியசாலி ஹோமர். ராத்திரி அவற்றைக் கழற்றி வைத்துவிட்டால், சாத்திக்கொண்ட கதவைக்கூடத் திறக்க வழியில்லை. இதைத் தன்னை மணக்க விரும்பும் பெண்ணுக்கு அவன் நேரில் காட்டுகிறான். அவள் அழவில்லை; சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டு பக்கம் வசனம் எழுதியிருப்போம்.

இன்னொரு கட்டம் மதுக்கடையில். முன்னால் ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். கோடியில், டெலிபோன் கூண்டுக்குள், அல்லின் மகளோடு தன் உறவை முறித்துக்கொண்டிருக்கிறான் ஃப்ரெட். நமக்கு ஒரு வார்த்தையும் கேட்காது. கிட்டத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டுகிறது கிரெக் டோலண்டின் காமிரா. பியானோவைக் கேட்பதுபோல் நிற்கும் அல்லின் கண்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால் போதும், கதை புரிந்துவிடும்.

ஆனால் குறை ஒன்று உண்டு. ஃப்ரெட்டின் மனைவி மேரியைப் படம் வெறும் சொகுசுக்காரியாக்கி, சௌகரியமாக வெளியே அனுப்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், படத்தின் தலைப்பே அவள் வாயிலிருந்து வருவதுதான். தன் வாழ்வின் நல்ல வருஷங்களைக் கொடுத்துவிட்டதாக அவள் பொருமுகிறாள். அவளும் இழந்தவள்தானே? கொஞ்ச நாளே பழகியவனை மணந்துகொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவள் அவள். ஆண்களின் புண்ணை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த டைரக்டர், இவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஃப்ரெட்டின் புதுக் காதலுக்கு வழிவிட அவள் கெட்டவளாக வேண்டியிருந்தது. கதாசிரியனின் இந்தத் தந்திரம் எனக்குப் பழக்கமானது, அதனாலேயே உறுத்துகிறது.

ஏழு ஆஸ்கார்கள் பெற்றது படம். ரஸ்ஸலுக்கு ஒரே வேஷத்துக்காக இரண்டு கிடைத்தன. 1992-ல், மனைவியின் வைத்தியச் செலவுக்கென்று சொல்லி, அவற்றில் ஒன்றை அவர் ஏலத்தில் விற்றார். வீடு திரும்பிய சிப்பாயின் கதை கல்யாணத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? படமோ கல்யாணத்தோடு முடிகிறது. ஆனாலும் அந்தச் சட்டைப் பொத்தான் ஒன்றுக்காகவே அதை நான் இன்னொரு முறை பார்ப்பேன்.